மூளியாக நின்ற வட்டங்கள்

வெறும் நெற்றியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. புது பிரிட்ஜ், காலண்டர் குழந்தை, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிறுத்திய வண்டி, எதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். (அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் துடைப்பார்.) இந்தக் கையால் என் நாத்தனார் கலாவின் படிப்பே போகப் பார்த்தது.

2008 வாக்கில் கலா சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் பத்தாவது தாண்டாதவள். ஒரு நாள் கடலூரில் எங்கள் வீட்டு ஹாலில் பெரிய ப்ளெக்ஸ் ஒன்றை விரித்தாள். எப்போது கரண்ட் போகும் என்று தெரியாத காலம், ப்ரொஜெக்டரை நம்ப முடியாது. கல்யாண ப்ளெக்ஸ் அடிக்கிற கடையில்தான் அடித்தாளாம். ஆனால் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. வட்டம் வட்டமாக, நடுவே அம்புக்குறிகள்.

"என்னா கலா இது?"

"செல்லுக்குள்ள சேதி போற வழி அண்ணி. வட்டமெல்லாம் புரதம். ஒண்ணு அடுத்ததுக்குச் சொல்லும், அது அதுக்கடுத்ததுக்குச் சொல்லும்."

"நம்ம தெரு மாதிரியா?"

"நம்ம தெரு மாதிரி கூடக்குறைய சொல்லிச்சுன்னா, அதான் நோய்."

துள்ளுகிற புரதத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, சோர்ந்து கிடப்பதற்குக் கறுப்பு, ஒழுங்காக இருப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு நோயை உரித்துவிட்டு அதே படத்தில் இன்னொரு நோயை ஒட்டிக்கொள்ளலாம். "ஒவ்வொரு வியாதிக்கும் புதுசா வரைய வேணாம் பாருங்க, யாரு வேணா எடுத்துக்கலாம்" என்றாள் கண் மின்ன. நான் தலையாட்டினேன். (உள்ளே போனது 'பொட்டு' என்ற சொல் மட்டும்தான்.)

சனிக்கிழமை ஆய்வுக் குழு இதைப் பார்த்துச் சரியென்றால் படிப்பு தொடரும். இல்லையென்றால் தை மாதம் கல்யாணம் என்று என் மாமனார் சொல்லிவிட்டார். மூட்டுவாதத்துக்கான பொட்டுகளை ஒட்டி முடித்துவிட்டு, ஒத்திகை பார்க்கச் சிதம்பரத்துத் தோழியின் அறைக்குக் கலா முன்னாலேயே கிளம்பினாள். "சனிக்கிழம படத்தப் பத்திரமா கொண்டாந்துடுங்க அண்ணி."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ப்ளெக்ஸ் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். ஜன்னல் வெயில் அதன்மேல் தண்ணீர் போல ஊர்ந்தது. கண் செருகச் செருக வட்டங்கள் அசைந்தன. திருவந்திபுரம் பெருமாள் கோயில் புரட்டாசி வரிசை போலப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி காதில் ஒருத்தி எதையோ சொல்ல, சொன்னது கெடிலம் ஆறு மாதிரி வளைந்து வளைந்து உள்ளே போகிறது. நமக்குள்ளேயும் இப்படி ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்களா? நாம் தூங்கும்போதும்? பெருமாளே, உன் வேலையே வேலை என்று உருகினேன். அப்போதுதான் கவனித்தேன். சிலருக்குத்தான் நெற்றியில் பொட்டு. மற்றவர்கள் மூளியாக நிற்கிறார்கள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக!

எழுந்தேன். (எழுந்தேனா, கனவிலேயே நடந்தேனா, இன்றும் தெரியவில்லை.) மிச்சமிருந்த சிவப்புப் பொட்டு அட்டையை எடுத்து, "கலா பாஸாகணும்" என்று வேண்டிக்கொண்டே வட்டத்துக்கு ஒன்றாக வைத்தேன். கறுப்பை மட்டும் தொடவில்லை. திருஷ்டிக்கு இருக்கட்டும்.

மறுநாள் அந்தச் சுருளைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் போனேன். கலா அதை வாங்கி அவசரமாக மாட்டிவிட்டு, குழுவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். வயதான புரொபசர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"மூட்டுவாதம்னு சொன்னியேம்மா? எல்லாமே துள்ளுதே! இந்தாளு உயிரோடதான் இருக்காரா?"

கலா திரும்பிப் படத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து நான் எழுந்தேன்.

"சார், அது நோயில்ல சார், மங்களம். மூளியா இருந்துச்சு, நான்தான் வெச்சேன்."

அறையே சிரித்தது. கலா மட்டும் சிரிக்கவில்லை. நடராஜர் கோயிலுக்கு ஓடி ஏதாவது தூண் மறைவில் நின்றுகொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. ஒரே படம் எல்லா நோய்க்கும் ஆகும்னியே. இந்த மங்களத்தை உரிச்சுட்டு சர்க்கரை வியாதியக் காட்டு, பாப்போம்."

கலா உரிக்க ஆரம்பித்தாள். வைக்க இடமில்லாமல் தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒட்டிக்கொண்டாள். பிறகு கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எந்தத் தாளையும் பார்க்காமல், சர்க்கரை நோயை வைத்தாள். அதையும் கலைத்து மூட்டுவாதத்தைத் திரும்ப வைத்தாள். என் வாய் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டே இருந்தது.

"படம் நிக்குதும்மா. தொடர்ந்து செய்" என்றார் அவர். "இவுங்கள மட்டும் லேப் பக்கம் கூட்டியாராதே."

திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும் கலா, "மங்களமாம்!" என்று ஆரம்பித்தவள், கடலூர் வரை சிரிப்பை நிறுத்தவில்லை.

இப்போது அவள் பாடம் நடத்துகிறாள். கம்ப்யூட்டரில் ஏதோ தவறி எல்லா வட்டமும் ஒரேயடியாகச் சிவந்துவிட்டால், "மேடம், அண்ணிக் காய்ச்சல்!" என்று பிள்ளைகள் கூப்பிடுவார்களாம். ஒடிசாவிலிருந்து படிக்க வந்த ஒரு பெண், அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அண்ணி என்ற வெள்ளைக்காரர் என்று பரீட்சையிலேயே எழுதிவிட்டாளாம்.

கலா அதற்குப் பாதி மார்க் போட்டிருக்கிறாள்.