ஜாதகக் கம்ப்யூட்டர் சூடான விவரம்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி சுஹாஸுக்கு மாமா சந்திரமௌலி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஜானு மாமியும் சௌக்கியம். கம்ப்யூட்டர் நேற்று மாலை நான்கு மணியிலிருந்துதான் சௌக்கியம். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் போனை மாமி பார்ப்பாள், மெயிலையும் அவள்தான் திறப்பாள். உன் ஜாதகத்தை எந்தப் பெண் வீட்டுக்கும் போகவிடமாட்டேன் என்று தீபாவளிக்கு நீ வந்தபோது வாக்குக் கொடுத்தேன் அல்லவா, அந்த வாக்கு இந்த வாரம் பொய்த்துப்போக இருந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மாமி ஜாதகப் பரிவர்த்தனை நடத்தும் பழைய கம்ப்யூட்டருக்கு நீ அப்போதே லினக்ஸ் என்கிற புது சிஸ்டம் போட்டுக்கொடுத்தாய், சந்தோஷம். ஆனால் நீ ஊருக்குப் போன மறுநாளே அதன் விசிறி இரைய ஆரம்பித்தது. லினக்ஸ் என்றால் இப்படித்தான் இரையும் போலிருக்கிறது என்று மூன்று மாதம் பொறுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணின் அம்மா போன் செய்தாள். மாமி உடனே, நம் சுஹாஸுக்கே பார்க்கலாமே என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஜாதகங்கள் இருக்கும் இடம் இருபது நிமிடம் ஆகியும் திறக்கவில்லை, பெட்டியின் மேல் அப்பளம் காயவைக்கலாம் போலச் சூடு. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் லினக்ஸைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். சரிசெய்தால் உன் ஜாதகம் ஆழ்வார்பேட்டைக்குப் போய்விடும், செய்யாவிட்டால் நீ போட்டுக்கொடுத்தது போய்விடும். நான் நடுவில்.

நீ சொல்லிக்கொடுத்தபடி எந்த வேலை கம்ப்யூட்டரின் சக்தியை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். ஒன்றே ஒன்று நூறு சதவீதம் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லா ஃபைலையும் படித்து, பின்னால் தேட வசதியாகப் பட்டியல் போடும் வேலையாம் அது, யாரும் கேட்காமலே பின்னணியில் ஓடுமாம். அதை நிறுத்த நீ எழுதிவைத்த கட்டளை 'கில்' என்று ஆரம்பித்தது. மாமி பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள். "ஏன்னா, முகூர்த்த நாளும் அதுவுமா கல்யாண ஜாதகம் இருக்கற பொட்டியில அப்படியெல்லாம் அடிக்காதீங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரியென்று அந்த வார்த்தை இல்லாமல் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். பத்து விநாடியில் தானே எழுந்து வந்து வேலையைத் தொடர்ந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி வந்தது. எங்கள் ஆபீஸில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் பிரமோஷன் கொடுத்திருப்போம்.

கடைசியில் நேற்று சாந்தோமிலிருந்து கபாலி என்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தேன். முதலில் விசிறியில் இருந்த தூசியை ஊதினான், ஹால் முழுக்க விபூதி கொட்டினாற்போல் ஆயிற்று, சத்தம் குறையவில்லை. பிறகு கறுப்புத் திரையில் என்னென்னவோ படித்துவிட்டு, "சார், மூவாயிரம் ஃபைலையும் ஒயுங்கா படிக்கிது. இந்த ஒண்ணாண்ட வந்தா வியுந்துடுது. எய்ந்து மறுபடி அதையே தொட்டுக்கினு கீது. யாரோ வேணும்னே உள்ள கைய வெச்சிகீறாங்க" என்றான். அந்த ஒன்று உன் ஜாதகம்.

ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தேன். தீபாவளிக்கு மறுநாள் காலை பதினொன்று நாற்பது. மாமி கோவிலில் இருந்தாள். டப்பா நிறையக் காப்பிப்பொடி இருக்கும்போதே நீ என்னைக் காப்பிப்பொடி வாங்க அனுப்பிய நேரம். சுஹாஸ், எனக்கு வருத்தம்தான். என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாய், என்னை நம்பாமல் ஃபைலையும் கெடுத்துவைத்தாய். இரண்டில் ஒன்று போதாதா?

இருந்தாலும் வாக்கு வாக்குதான். கபாலியை விட்டு உன் ஜாதகத்தை அழித்துவிட்டேன். பாக்கி எல்லாவற்றையும் அந்தப் பட்டியல் போடும் வேலை அரை மணியில் படித்து முடித்து ஓய்ந்துவிட்டது, இப்போது கம்ப்யூட்டர் இருப்பதே தெரியவில்லை. சுஹாஸ் ஜாதகம் தானாகக் கெட்டுப்போய்விட்டது என்று மாமியிடம் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். முழுக்க நம்பிவிட்டாள், இனி உனக்குக் கவலை வேண்டாம். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

கல்யாணம் நீங்கலாக சகல சௌபாக்கியங்களும் உனக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
சந்திரமௌலி

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிப்போன நேரத்தில் மாமி இதை முழுவதும் படித்துவிட்டாள். உன் ஜாதகத்தின் காகிதப் பிரதி அவள் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். கம்ப்யூட்டர் திறக்காத திங்கட்கிழமையே அதைப் போனில் படமெடுத்து ஆழ்வார்பேட்டைக்கு அனுப்பிவிட்டாளாம். ரஜ்ஜு தட்டுகிறது, பொருந்தாது என்று செவ்வாய்க்கிழமையே பதிலும் வந்துவிட்டதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் மும்முரமாக இருந்தீர்கள் என்கிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறாள், எழுதுகிறேன்: "பொட்டியக் கெடுக்கற அளவுக்குக் கொழந்தை போயிருக்கான்னா, அவன் மனசுல யாரோ இருக்கா. பொண்ணோட ஜாதகம் வேண்டாம். பேர் மட்டும் எழுதச் சொல்லுங்கோ."