உழுந்துத் தேர்வில் தேறிய மோட்டார்

மின்சார மோட்டார்களின் வலிமையை வடையால் அளந்த ஒரே மனிதர், உலகிலேயே எங்கள் மோட்டர் அண்ணையாகத்தான் இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹம் நகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அவருடைய இயற்பெயரை அறிந்தவர் எவருமிலர். தபால்பெட்டியில் ‘மோட்டர்’ என்றே எழுதியிருந்தார். தபால்காரரும் அதைக் குடும்பப்பெயராக ஏற்றுக்கொண்டிருந்தார்.

நிலக்கீழ் அறையில் முப்பத்தொரு பழைய மோட்டார்கள் வைத்திருந்தார். அதனால் அவர் மனைவியின், அதாவது எங்கள் அக்காவின், அரிசி மூட்டைகள் படுக்கையறையில் இருந்தன. எங்கள் தெருவின் கோடை விழாவில், வீட்டில் செய்த மின்சார வண்டிகளுக்கு ஒரு போட்டி என்று அறிவித்ததும் அக்கா தீர்ப்பு வழங்கினார்.

“உங்கட வண்டி முடிவுக்கோட்டைத் தாண்டினா மோட்டர் எல்லாம் கிடக்கட்டும். தாண்டாட்டி, முழுக்க ஷ்பெர்முல்.”

பழைய தளபாடங்களை நகரசபை லொறி அள்ளிச்செல்லும் நாளுக்கு இங்கே அதுதான் பெயர். அண்ணையின் முகம் வெளுத்தது.

குடியிருப்பாளர் குழுவின் செயலாளர் நான். சமூகப்பணியில் அப்போதுதான் பட்டம் பெற்றிருந்தேன். குழந்தைகள், முதியோர், காப்புறுதி ஆகிய அனைத்தையும் சிந்தித்து இரண்டு விதிகளை வகுத்தேன். நடைவேகத்தை மிஞ்சக்கூடாது. ஒரு வண்டியில் ஒருவர்தான் அமரலாம். மீறினால் தகுதியிழப்பு. அப்படியொரு பந்தயத்தை எதற்காக நடத்துகிறோம் என்று எவரும் கேட்கவில்லை.

மோட்டாரைத் தெரிவுசெய்வதற்கு அண்ணை ஒரு முறைமை வைத்திருந்தார்.

“வேகம் ஆருக்கும் வரும், தம்பி. பாரத்தைக் கண்டு பயப்பிடாதது எதெண்டுதான் பாக்கவேணும். கிரைண்டரில பூட்டுவம்.”

“ஏன் அண்ணை கிரைண்டர்?”

“ஊறின உழுந்தைவிடப் பிடிவாதமான சாமான் எங்கட வீட்டில இல்லை.” அக்கா சமையலறையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, “அநேகமா,” என்றார்.

சலவை இயந்திர மோட்டார் முதல் தேர்வுக்கு வந்தது. அரைபட்ட மாவில் பாதி கூரையில் ஒட்டிக்கொண்டது. அதற்கு வீட்டு மின்சாரம் தேவை என்பதையும் நான் பணிவுடன் சுட்டிக்காட்டினேன். “தெரு நீளத்துக்கு வயர் வாங்கினாப் போச்சு,” என்றார். அடுத்து வந்த துளைகருவி மோட்டார் புகைந்தது. கட்டடத்தின் எச்சரிக்கை மணிகள் யாவும் அலறின. ஆனால் எவரும் முறையிடவில்லை. ஒவ்வொரு தேர்வின் முடிவிலும் வடை வந்தது. மூன்றாம் மாடி ஜெர்மன் மூதாட்டி, கிரைண்டர் சத்தம் கேட்டதும் தட்டுடன் இறங்கிவந்து, இன்று எந்த மோட்டார் என்று அக்கறையோடு விசாரிப்பார்.

இறுதியில், பழைய சக்கரநாற்காலியிலிருந்து கழற்றிய ஒன்று மூன்று கிலோ உழுந்தைச் சூடேறாமல், சத்தமின்றி அரைத்துமுடித்தது. அண்ணை அதற்குத் திருநீறு பூசினார்.

போட்டியன்று ஏனைய வண்டிகள் நடைவேகத்தில் போய்ச்சேர்ந்தன. ஓட்டியவர்கள் இறங்கி, உண்டு, வீடு திரும்பினர். அண்ணையின் வண்டி நடைவேகத்தையும் எட்டவில்லை. பக்கத்தில் நடந்துவந்த அக்கா அடிக்கடி நின்று காத்திருக்க நேர்ந்தது. தெருக்கோடிப் பாலத்தின் ஏற்றம் தொடங்கியபோது, அதன் உச்சியிலிருந்த முடிவுக்கோட்டில் நான் மட்டுமே, முடிவுகளைக் குறிக்கும் படிவத்துடன் நின்றேன்.

பாதி ஏற்றத்தில் அக்கா நின்றுவிட்டார். “எனக்குக் கால் ஏலாமக் கிடக்கு. உது என்னையும் இழுக்குமே?”

“நீர் ஏறி இரும். மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்.”

“விதி கிதி ஏதோ இருக்கெண்டு அந்தப் பெடியன் எழுதி ஒட்டினவனல்லோ?”

அண்ணை என்னைப் பார்த்தார். முப்பத்தொரு மோட்டார்களும் அந்தப் பார்வையில் இருந்தன. அக்கா ஏறி அமர்ந்தார். வண்டி சற்றும் தயங்கவில்லை. அதே வேகத்தில், அதே அமைதியோடு ஏறிவந்தது.

விதியை எழுதியவன் நான். ஆகவே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். அவர்கள் இருவரும் கோட்டைத் தாண்டி முடிக்கும்வரை, அது சுத்தமாகவே இல்லை.