மென்னுருளை எட்டு

தார் ரோட்டில் பேரிங் வண்டி போகும் சத்தத்தைப் பள்ளிக்கூடம் போகிற வயதில் கேட்டிருக்கிறேன். பலகைக்கு அடியில் இரும்பு வளையங்கள், மேலே ஒரு பையன், பின்னால் தள்ள இன்னொரு பையன். ஊரையே அரத்தால் ராவுவது மாதிரி ஒரு சத்தம். பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐப்பசியில், திருவரங்குளத்தில் என் வீட்டுக்கு எதிரே நெல் காயப்போடும் சிமென்ட் களத்தில் அதே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கண்ணுசாமியின் மகள் வைஷ்ணவி, காலில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். திருச்சியில் கல்லூரி படிக்கப் போன இடத்தில் ரோலர் டெர்பி என்று ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டாளாம். ஒருத்தி சுற்றி முந்தப் பார்ப்பாள். எதிரணிப் பெண்கள் தோளாலும் இடுப்பாலும் மறிப்பார்கள். தை மாதம் சென்னையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறது.

ஷூ, மேல் வகுப்புப் பெண் ஒருத்தி போட்டுக் கழித்தது. சக்கரங்கள் தேய்ந்துபோயிருந்தன. "ஷூ பழசா இருந்தாப் பரவால்ல டீச்சர், கயித்தை இறுக்கிக் கட்டிக்கலாம். இருக்கிற காசைச் சக்கரத்துலதான் போடணும். சென்னையில வழவழன்னு சிமென்டுத் தரை. கெட்டிச் சக்கரம் வழுக்கி விட்ரும். மெத்துன்னு இருந்தாத்தான் தரையைப் பிடிக்கும்" என்றாள்.

அந்தக் காசும் இல்லை. கண்ணுசாமி சார்ஜாவிலிருந்து முதுகுவலியோடு திரும்பி வந்து கடலை போடுகிறவர். அந்த வருஷம் கடலை கைவிட்டிருந்தது. விளையாட்டு வீரர்களுக்கு உபகரணம் வழங்கும் திட்டம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு மனு எழுதினார்கள். "நீங்க வந்தா உக்காரச் சொல்லுவாங்க டீச்சரம்மா" என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார் கண்ணுசாமி. உட்காரச் சொன்னார்கள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

கண்காணிப்பாளர் ஆத்மநாதன் தமிழ்ப் பற்றாளர். தம் மேசை மணியின் மீது 'அழைப்பு மணி' என்று எழுதி ஒட்டியிருந்தார். மனுவை இருமுறை படித்துவிட்டுக் கேட்டார்.

"சைக்கிளுக்கு எத்தனை சக்கரம்மா?"

"ரெண்டு சார்."

"ஆட்டோவுக்கு?"

"மூணு சார்."

"ஊரையே ஏத்திட்டுப் போற ஆட்டோவுக்கே மூணுதான். ஒத்த ஆளு, ஒனக்கு எட்டு எதுக்கு?"

"ஒரு காலுக்கு நாலு சார்."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தணிக்கைக்குத் தெரியுமா?"

மேலும், சக்கரம் என்று எழுதினால் கோப்பு வாகனப் பிரிவுக்குப் போய்விடும். அங்கே பதிவு எண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கேட்பார்கள் என்று அன்போடு எச்சரித்தார். பிறகு, பிள்ளையின் எதிர்காலத்தைக் கருதி, தம் கையாலேயே சக்கரத்தை அடித்துவிட்டு 'உருளை' என்று எழுதினார். மெத்தென்று இருக்க வேண்டுமே என்று வைஷ்ணவி நினைவூட்டினாள். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, 'மென்னுருளை எட்டு' என்று திருத்தினார். காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. குறை சொல்வதற்கில்லை.

கோப்பு எரிவாயுவைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனது. ஒரு குடும்பத்துக்கு ஒரே சமயத்தில் எட்டு உருளை வழங்க விதியில் இடமில்லை என்றும், அவற்றைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவது பொதுமக்கள் பாதுகாப்புக்கு உகந்ததன்று என்றும் பதில் வந்தது. கார்த்திகை முடிந்துவிட்டது.

மறுபடியும் போனோம். வைஷ்ணவி ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்து, சக்கரத்தைச் சுற்றிக் காட்டினாள். அழகாகச் சுற்றியது. ஆத்மநாதன் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரியுதும்மா. ஆனா கோப்புல ஏறின சொல்லை எறக்க முடியாது. ஏத்துனவன் நானா இருந்தாலும் முடியாது. விலைப்புள்ளி கேட்டுருவோம். உருளை விக்கிறவன் எவனாவது வராமலா போவான்?"

வந்தார். ஒரே ஒருவர்தான் வந்தார், காய்கறி மண்டிக்காரர். குறைந்த விலைப்புள்ளி என்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் தொழில்நுட்பக் குழு சும்மா விடவில்லை. மாதிரிகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இவை உருளைதான், மென்னுருளை அல்ல என்று திருப்பி அனுப்பியது. மண்டிக்காரர் அவற்றை வேகவைத்துக் கொண்டுவந்தார். இரண்டாம் சோதனையில் குழு முழுத் திருப்தி தெரிவித்தது. சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மாதிரிகள் திரும்பவில்லை.

இதையெல்லாம் விசாரித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது பஸ்ஸில் கண்ணுசாமி சொன்னார்: "மகளுக்குச் சக்கரம் வாங்கப் போயி, எங்கால்ல சக்கரத்தைக் கட்டி விட்டுட்டாய்ங்க டீச்சரம்மா."

"ஒங்களுக்காவது கெடச்சிச்சேப்பா" என்றாள் மகள்.

மார்கழி கடைசியில் விழா. பந்தல், நாதஸ்வரம், பொன்னாடை எல்லாம் இருந்தன. மாவட்டத்தின் முதல் ரோலர் டெர்பி வீராங்கனைக்கு உபகரணம் வழங்கப்படுவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. வெள்ளித்தட்டில் எட்டு உருளைக்கிழங்கு, பக்குவமாக வெந்து, தோலுரிக்காமல். வைஷ்ணவி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது கை தானாகச் சேர்ந்துவிடுகிறது.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதனால் இனி மூன்று ஆண்டுகளுக்கு அவள் மறுபடி கேட்க முடியாது. தை பிறந்தது. தேய்ந்த சக்கரத்தோடே சென்னைக்குப் போனாள். முதல் வளைவிலேயே வழுக்கி விழுந்தாளாம். மணிக்கட்டில் கட்டோடு வந்து இறங்கினாள்.

படம் மட்டும் எல்லாக் கைப்பேசிகளிலும் ஓடியது. புதுக்கோட்டையில் ஒரு முடிதிருத்தகம் 'டெர்பி கட்டிங்' ஆரம்பித்தது. கறம்பக்குடியில் 'டெர்பி ட்யூஷன் சென்டர்' திறந்தார்கள். சக்கரம் இல்லை, சான்றிதழ் உண்டு. எங்கள் தெருவிலும் முணுமுணுப்பு எழுந்தது. பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லி என்னிடமே கேட்டாள்: "கண்ணுசாமி மகளுக்கு மட்டும் எட்டு. எம் மகளுக்கு என்ன, காலு இல்லையா?"

அவள் மகள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் மென்னுருளை கேட்டு வந்த மனுக்களை மூட்டையாகக் கட்ட வேண்டியிருந்தது என்றார்கள். எங்கள் தெரு மனுக்களை எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுத இங்கே வேறு ஆள் இல்லை. இவ்வளவு பேர் கேட்கும் பொருள் அவசியமானதாகத்தான் இருக்க வேண்டும் என்று திட்டத்துக்கு நிதியை இரட்டிப்பாக்கினார்கள். நல்ல தமிழ்ச் சொல் ஆக்கியதற்காக ஆத்மநாதனுக்கு விருது கிடைத்தது.

வைஷ்ணவி இப்போது சார்ஜாவில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறாள். பில் போடும் இடத்தில் விலை தெரியாத சாமானுக்கு ஓடிப்போய் விலை பார்த்து வரும் வேலை. காலில் சக்கர ஷூ, கம்பெனியே கொடுத்தது. கெட்டிச் சக்கரம், பளிங்குத் தரை. வழுக்குமாம். மெதுவாகத்தான் போகிறாளாம்.