ஆதரவுக் குழு அறுபத்து மூவர்

ஜவுளிக்கடை பசுபதி கையெழுத்துப் போடாமல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆதரவுக் குழுவில் தன் பெயர் இல்லையாமே என்றார். ரோசம்மாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து காளிதாசன் அந்தப் பட்டியலை எழுதி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பாடாங் செராயில் இருபது கடைகளோடு ஒரு கூரைச் சந்தை கட்ட நகராண்மைக் கழகம் தயார். ஆனால் ஊர்க்காரர்கள் குழு அமைத்து, மாத இறுதிக்குள் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். தவறினால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். குழுவின் செயலாளர் காளிதாசனுக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. அவர் மனைவி பிரேமாவதி சாலையோரம் குடை விரித்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கிறாள். அமலாக்க அதிகாரிகள் இரண்டு முறை மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சந்தையில் அவளுக்கு ஒரு கடை கிடைத்துவிட்டால் போதும்.

காளிதாசன் பசுபதியை ஆலோசகராக்கினார். கையெழுத்து விழுந்தது.

மறுநாள் காலையே குழுத் தலைவர் ஹேமநாதன் போன் செய்தார்.

"தலைவருக்கு மேல ஆலோசகராமே? அப்ப நான் எதுக்கு தம்பி, நாற்காலி தூக்கவா?"

அவர் நிரந்தரத் தலைவரானார். உடனே முடிதிருத்தும் கடை சசிகுமாருக்கு, நிரந்தரம் என்றால் அடுத்த தேர்தலில் தன் கதி என்ன என்ற கவலை வந்தது. அவர் துணைத் தலைவரானார். தேவாலயத்துக்காரர்கள் சார்பில் யாருமில்லையே என்று போட்டோஸ்டாட் கடை எர்னஸ்ட் கேட்டார். அவர் இன்னொரு துணைத் தலைவரானார். மகளிர் பிரிவு கேட்டு வந்த தையல்கடை குணவதி தனியாக வரவில்லை, பதினோரு பேரோடு வந்தாள்.

எப்படித்தான் எல்லோருக்கும் உடனுக்குடன் தெரிகிறதோ என்று காளிதாசன் வியந்தார். பட்டியலைத் திருத்தத் திருத்த ரோசம்மாவின் கடையில் அவர் குடித்த தே தாரேக் டீயின் கணக்கும் ஏறியது. நன்றிக்காக அவளுக்கும் ஒரு பொறுப்பு தருவதாகச் சொன்னார்.

"எனக்கெதுக்கு தம்பி அதெல்லாம்? கடை கடையா தேத்தண்ணி கொண்டு போய்க் குடுக்கவே நேரம் பத்தல லா."

கடைசியில் பிரேமாவதியே கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் பதவி குடுக்குறீங்க. பொண்டாட்டின்னா இளப்பமா?"

அவள் மகளிர் பிரிவு இணைச் செயலாளர் ஆனாள். மொத்தம் அறுபத்து மூன்று பேர். கடிதத்தின் மேலே பெயரும் பதவியும் அச்சடித்ததில் இரண்டு பக்கம் நிறைந்தது. ஆதரிக்கிறோம் என்ற வரி மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கியது. பேனரில் ஆளுக்கொரு படம் போட்டதில் சந்தையின் படத்துக்கு இடமில்லாமல் போனது.

கடிதம் கெடுவுக்கு முந்திய நாளே போய்ச் சேர்ந்தது. திட்டம் ஊருக்கே உறுதியானது. அடுத்த மாதம் மண்டபத்தில் கூட்டம். வந்திருந்த பெண் அதிகாரி, இத்தனை பேர் பொறுப்பெடுத்துக்கொண்ட ஊரைத் தான் பார்த்ததே இல்லை என்று மலாயில் பாராட்டினார். கை தட்டினார்கள். பிறகு அவர், முந்திய நாளோடு கெடு முடிந்த கடை விண்ணப்பத்துக்கான விதிமுறையைப் படித்தார். ஆதரவுக் கடிதத்தில் பெயர் உள்ள குழுவினரும் அவர்கள் குடும்பத்தாரும் விண்ணப்பிக்க முடியாது.



காளிதாசன் எழுந்து, அறுபத்து மூன்று பேரும் இப்போதே ராஜினாமா செய்தால் செல்லுமா என்று கேட்டார். செல்லாது என்றார் அதிகாரி. பாடாங் செராயிலிருந்து ஒரே ஒரு விண்ணப்பம் தகுதியோடு வந்திருப்பதாகவும், மற்ற பத்தொன்பது கடைகளும் வெளியூர்க்காரர்களுக்குப் போகும் என்றும் சொன்னார். பிரேமாவதி கணவரைப் பார்த்த பார்வையில் அன்றிரவுச் சாப்பாடு கிடைக்காது என்பது தெரிந்தது.

அந்த ஒரு விண்ணப்பம் ரோசம்மாவுடையது. பின்வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். காளிதாசன் அவளிடம் போனார்.

"அக்கா, இந்த ரூல் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ரோசம்மா கடைசிக் கோப்பையையும் தட்டில் அடுக்கினாள்.

"தெரியாமலா தம்பி, ஒவ்வொரு கடையா போய் 'லிஸ்ட்ல உங்க பேரைக் காணோமே'ன்னு சொல்லிட்டு வந்தேன்?"