வெந்தயத்தில் வந்த தோஷம்

ஊரே தொட்டியும் கையுமாக நின்றது. வந்திருப்பவர் முளைச்சாமியார் அல்லவா! அவர் மந்திரித்துத் தரும் வெந்தயத்தை மருமகள் கையால் வீட்டுத் தொட்டியில் விதைக்க வேண்டும். மூன்றாம் நாள் முளைத்தால் குடும்பம் விளங்கும். முளைக்காவிட்டால் தோஷம் அவள் கையில். கழிக்க அவளுடைய கழுத்துச் சங்கிலி சாமியார் காலடிக்கு வர வேண்டும். தங்கம்தான்; பித்தளைக்குத் தோஷம் போகாதாம். ஒரு வேடிக்கை பாருங்கள், சங்கிலி இல்லாத வீடுகளில் வெந்தயம் காடாக வளர்ந்தது. ஏழையிடம் தோஷத்துக்கு என்ன வேலை!

தையல்காரர் வீட்டில் முளைக்கவில்லை.

"சங்கிலியைக் கழட்டு. இல்லேன்னா உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு" என்றாள் மாமியார். மகனான தையல்காரர் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார், கோத்துக்கொண்டே இருந்தார்.

மருமகள் மசாலா மில்லில் வறுக்கிற வேலை செய்பவள். சாமியார் தந்த பொட்டலத்தில் மீந்திருந்த வெந்தயத்தை முகர்ந்தாள். நேரே சாமியாரிடம் போனாள்.

"சாமி, என் பொட்டலத்துல மீந்ததை எதிர்வீட்டு அக்கா விதைக்கட்டும். அவங்களுக்கு முளைச்சதுல்ல, அந்த மிச்சத்தை நான் விதைக்கிறேன். தோஷம் என் கையிலன்னா எனக்கு முளைக்காதில்ல?"

சாமியாருக்குத் திடீரென்று வெளியூர் ஞாபகம் வந்தது. "மூணு நாள்தானே, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க சாமி" என்று பக்தர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். பக்தி சில சமயம் இப்படியும் பயன்படும்.

மூன்றாம் நாள் மருமகளின் தொட்டி பச்சைப் பசேல் என்றிருந்தது. எதிர்வீட்டுத் தொட்டியில் வெறும் மண்.

"பாத்தீங்களா, தோஷம் வீடு மாறிடுச்சு!" என்று கத்தினார் சாமியார்.

"எங்கிட்ட சங்கிலியே இல்லியே சாமி, எதைக் கழட்டுறது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மருமகள் கடைசி நாலு விதையை மாமியார் கையில் வைத்தாள். "கடிச்சுப் பாருங்க அத்தை."

மொறுக்கென்று உடைந்தது. முப்பது வருஷம் சமைத்த நாக்கு பொய் சொல்லுமா? "அடியே, இது வறுத்த வெந்தயம்டீ!"

"நிறம் மாறாம வறுத்திருக்கார். எனக்கே இந்தப் பக்குவம் வராது."

கூட்டம் சாமியாரின் பையைக் கவிழ்த்தது. ஒரு முடிச்சில் பச்சை வெந்தயம், இன்னொன்றில் வறுத்தது, அடியில் ஊரார் சங்கிலிகள்.

"உன்னைப் போகச் சொன்னேனே" என்று அழுதாள் மாமியார். அத்தனை ஏச்சும் ஓர் அழுகையில் கரைந்துவிடுமா?

அதற்குள் கூட்டத்தில் ஒருவர், "இவன் போலி. அடுத்த தெருவுல மிளகாய்ச் சாமியார் வந்திருக்காராம், அவருதான் அசல்!" என்றார்.

வெந்தயத்துக்கு முளைவிட மூன்று நாள் போதும். உங்கள் மூளைக்கு எத்தனை நாள் ஐயா வேண்டும்?