ரோஸியின் கல்யாணமும் என் பெட்ரோல் மீட்டரும்

எலெக்ட்ரிகல் படித்தவன் வீட்டில் ஒரு ஸ்விட்ச்கூட ஒழுங்காக வேலை செய்யாது. எங்கள் வீட்டில் காலிங்பெல்லை அழுத்தினால் பாத்ரூம் விளக்கு மினுக்கும். இருந்தாலும், துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் எலெக்ட்ரீஷியனாகச் சம்பளம் வாங்குவதால், மின்சாரம் என்னிடம் கைகட்டி நிற்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் என் மச்சினிச்சி ரோஸியின் கல்யாணம் நடுரோட்டில் நின்றது.

என்னுடைய பழைய காரில் பெட்ரோல் மீட்டர் செத்துப்போயிருந்தது. மெக்கானிக்கிடம் போவது என் படிப்புக்கு இழுக்கு. (அவரும் என்னைக் கண்டால் ஷட்டரை இறக்கிவிடுவார்.) புதுப்பேட்டையில் ஒரு புது மீட்டரை வாங்கிவந்து, டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தேன். மூன்றே ஒயர். ஒன்று கரண்டுக்கு, ஒன்று எர்த்துக்கு, இன்னொன்று டேங்குக்குள் இருக்கும் மிதவைக்கு. மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் முள் அசையவில்லை. தட்டினேன், திட்டினேன், ஃபியூஸைக் கழற்றி ஊதி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் எர்த் ஒயரைப் பெயிண்டின் மேலேயே முறுக்கி வைத்திருக்கிறேன். பெயிண்டைச் சுரண்டி மாட்டியதும் முள் எழுந்து சரியாக நடுவில் நின்றது. டேங்கிலும் அப்போது பாதி பெட்ரோல்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுக்கா காலீலர்ந்து வண்டிக்குள்ள படுத்துகினு கெடந்த?" என்று கேட்டுவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. நான் கிடங்குக்குப் போய்வரப் போய்வர முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. சாதாரண மனிதன் சந்தேகப்பட்டிருப்பான். நான் படித்தவன் அல்லவா? புது மீட்டர், செட் ஆகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாமனார் காரை இரவல் வாங்கினார். உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், சடையங்குப்பம் என்று சுற்றிவிட்டுச் சாயங்காலம் சாவியைத் தந்தார். முள் ஃபுல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் இரவல் வண்டியில் பெட்ரோல் போட்டுத் திருப்பித் தருவதுதான் மரியாதை. மனிதருக்கு என்ன மனசு என்று உருகிவிட்டேன்.

"டேங்க்கு ஃபுல்லா கீது. எதுக்கு மாமா இவ்ளோ? தேங்க்ஸ் மாமா" என்றேன்.

அவர் ஒரு நொடி முழித்தார். பிறகு, "அட, பரவால்ல மாப்ள. நம்ம வண்டிதான?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் திருவொற்றியூர் வீட்டிலிருந்து ராயபுரம் மாதா கோயிலுக்கு மணப்பெண்ணைக் கொண்டுபோவது பூ ஜோடித்த என் காரின் பொறுப்பு. முன்சீட்டில் மாமனார், பின்சீட்டில் ரோஸியும் ஸ்டெல்லாவும். அடுத்த கல்யாணம் வரிசையில் இருப்பதால் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாமதமானால் பாட்டுப் பூசை கிடையாது, பாட்டில்லாமல் வெறும் மந்திரிப்புதான். ரோஸி சின்ன வயதிலிருந்து அந்தக் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். யார் யார் கல்யாணத்துக்கோ பாடியிருக்கிறாள். தன் கல்யாணத்தில் தோழிகள் பாட, தான் நடந்து உள்ளே போகவேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

காசிமேட்டுக்குச் சற்று முன்னால், முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில், வண்டி விக்கியது. பிறகு நின்றேவிட்டது.

"மாமா, பெட்ரோல் கீதா?" என்று பின்சீட்டிலிருந்து ரோஸி கேட்டாள்.

"முள்ளப் பாரு. ஃபுல்லுக்கு மேல நிக்குது. இது வேற கோளாறு."

பானட்டைத் திறந்தேன். பேட்டரியை ஆட்டினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காயிலைக் கையால் தடவி ஷாக் வாங்கினேன். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை கிரீஸாகிவிட்டது. பின்னாலிருந்த லாரி டிரைவர் தலையை நீட்டி, "இன்னா தலீவா, பொண்ண வச்சிகினு நட்ட நடு ரோட்ல இன்னா பண்ணிகினு கீற?" என்றார்.

"எலெக்ட்ரிகல் ப்ராப்ளம்" என்றேன் கம்பீரமாக.

ரோஸி இறங்கினாள். வெள்ளைப் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்தாள். "அக்கா, வண்டிய ஆட்டு" என்றாள். ஸ்டெல்லா ஆட்டினாள்.

"சத்தமே இல்ல மாமா. காலி."

"ஃபுல்லா இருந்தா எப்டி சத்தம் வரும்?" என்று நான் விஞ்ஞானம் பேசினேன்.

அவள் காரில் கட்டியிருந்த அலங்காரத்திலிருந்து ஒரு மெல்லிய பிரம்பை உருவி உள்ளே விட்டு எடுத்தாள். பிரம்பு எலும்பாகக் காய்ந்திருந்தது.

அப்போதுதான் என் மண்டைக்குக் கரண்ட் வந்தது. என் காரின் மிதவையும் இந்த மீட்டரும் பொருந்தாதவை. இதில் டேங்க் நிறைந்தால் முள் காலியைக் காட்டும், காலியானால் ஃபுல்லைக் காட்டும். பாதியில் மட்டும் சரியாகக் காட்டும். அந்தப் பாதியைப் பார்த்துத்தான் நான் மார்தட்டியிருக்கிறேன்.

"மாமா, நீங்க நேத்து ரொப்புனீங்களே?" என்று மாமனாரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

"நீ தேங்க்ஸ் சொன்ன, வாங்கிகினேன். பெட்ரோல் போட்டேன்னு என் வாயால சொன்னனா?"

அந்த லாரிக் கூட்டத்துக்குள் ஓர் ஆட்டோவும் நுழைய முடியாது. "அப்போ பாட்டு போச்சா மாமா?" என்று ரோஸி மெதுவாகக் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"டீசல்னா எவ்ளோ வோணும்னாலும் புடிச்சிக்கோ" என்றார் லாரி டிரைவர், நல்ல மனதோடு. என் வண்டி குடிப்பது பெட்ரோல். மகளின் முகத்தைப் பார்த்த மாமனார், கோட்டும் ஷூவுமாக மீன்பிடித் துறைமுகத்தை நோக்கி ஓட ஆரம்பித்தார். ஒரு கேனோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"தோஸ்து மீன்புடி போட்டு இன்ஜினுக்கு வச்சிருந்தான். ஆயில் கலந்து கீது. ஓடுமா மாப்ள?"

"ஓடும். ஆனா பொகையும்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

கொசு மருந்து வண்டியைப் போலப் புகை கக்கிக்கொண்டு ராயபுரத்துக்குள் நுழைந்தோம். தெருப் பிள்ளைகளும் கொசு மருந்து வண்டி என்றே நினைத்துக் கூச்சல் போட்டுப் பின்னால் ஓடிவந்தார்கள். கல்யாண நேரத்தில் எவன் மருந்தடிக்கிறான் என்று சாமியார் கோபமாக வாசலுக்கே வந்துவிட்டார். புகைக்குள்ளிருந்து ரோஸி இறங்கினாள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "பாடுங்கம்மா" என்று உள்ளே கை காட்டினார். தோழிகள் பாடினார்கள், இருமினார்கள், மறுபடி பாடினார்கள். ரோஸி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நடந்தாள். வீடியோவைப் பார்த்த கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர், புகை மெஷினுக்கு என்ன வாடகை என்று இன்றும் கேட்கிறார்.

பொருத்தமான மீட்டரை வாங்கி மாட்டி நாளாகிவிட்டது. அது சரியாகவே காட்டுகிறது. வீட்டில்தான் என்னை யாரும் நம்புவதில்லை. விருந்தில் வயிறு நிறைந்துவிட்டது என்று கையால் மறித்தால், "மாமா ஃபுல்லுன்றாரு, காலி போல கீது. நல்லா போடு அக்கா" என்பாள் ரோஸி. சோறு மலையாகக் குவியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். வஞ்சிரம் வறுவல் வாசனை தெருமுனை வரை வந்தது. வாய்தவறி, "செம பசிம்மா" என்று சொல்லிவிட்டேன். ரோஸி என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.