லாரியில் போனால் நடையாகுமா?

வாசகர்களில் பல இனம் உண்டு. அழ வேண்டிய இடத்தில் அழுகிறவர்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறவர்கள், எதைச் செய்வதென்று முடிவாகாமல் மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறவர்கள். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நாம் இங்கே பார்க்கப்போவது 'நானாக இருந்தால்' வாசகரை. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இவர் அதைப் படிப்பதில்லை; சோதனை போடுகிறார். எழுதியவர் எங்கே தடுக்கி விழுந்தார், எங்கே தப்பாகக் கூட்டினார், எங்கே சொல்லாமல் விட்டார் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, "நானா இருந்தா இதை வேற மாதிரி செஞ்சிருப்பேன்" என்கிறார். என்ன மாதிரி என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒருவர் இருந்தார். தொழில், மின்தூக்கிப் பாதுகாப்பு ஆய்வாளர். அதாவது ஊரில் உள்ள லிஃப்டுகளில் எல்லாம் ஏறி, இறங்கி, கம்பியை ஆட்டிப்பார்த்து, கதவு மூடுகிற நேரத்தில் குடையை நீட்டிப்பார்த்து, எது சரியில்லை என்று எழுதிக்கொடுப்பவர். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் விட்டுவிடுவாரா? மனைவி திரைச்சீலை மாற்றினால் கொக்கியை எண்ணுவார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா போனில் யாரோடாவது பேசினால், வைத்தபிறகு, "இதை ரெண்டே வார்த்தையில முடிச்சிருக்கலாம்" என்பார். முதல் மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போவார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொழில் பக்தி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏதோ மோட்டார் மக்கர் செய்கிறது என்றுதான் ஆய்வாளர் முதலில் நினைத்தார். போய்ப் பார்த்தால், மருந்துக்கடையில் வாரம் முழுக்க நின்றே காலோய்ந்துபோன அவருடைய மனைவி, கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு புத்தகம்.

"என்னங்க, இதைக் கேளுங்களேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினாள்.

ஒரு பல் மருத்துவர், பெண், தன் மாமியாரோடு ஒரு மலைத்தொடரை நெடுகக் கால்நடையாகக் கடந்த கதை அது. வழியில் இருவருக்கும் சண்டை. பேச்சு வார்த்தை கிடையாது. எதிரே வந்த ஒரு வெளியூர்க்காரரைப் பிடித்து நடுவில் நிறுத்தி, "தண்ணி பாட்டில் என்கிட்ட இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க", "எனக்குத் தாகம் இல்லைன்னு அவகிட்ட சொல்லுங்க" என்று அந்த மனிதரை வைத்தே காடு முழுக்கக் குடும்பம் நடத்துகிறார்கள். அவர் போகவேண்டிய திசை வேறு. பாவம், யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பாட்டில் எத்தனை லிட்டர்னு போட்டிருக்கா?" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். அதற்கப்புறம் வாசித்துக் காட்டவில்லை. தன் மாமியாரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அங்கே வாசித்தாள். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தன் வீட்டில் தான் இல்லாமல் ஒரு சிரிப்பு நடந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஆய்வாளருக்குப் புத்தகத்தின் மேல் கோபம் வந்தது. அவர்கள் படித்து முடித்ததும் எடுத்து, பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அகப்பட்டது! மாமியாரின் ஷூ அடிப்பாகம் பிளந்துபோனதால், ஒரு பகுதியை இருவரும் சரக்கு லாரியில் கடந்திருக்கிறார்கள். எழுதியவரே வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். அட்டையிலோ 'முழுக்க நடந்து கடந்தவர்களின் கதை' என்று போட்டிருக்கிறது. ஆய்வாளருக்கு உடம்பு சிலிர்த்தது.

புத்தகம் விற்கும் இணையதளத்தில் ஏற்கெனவே பலர் தங்கள் அபிப்பிராயத்தைக் கொட்டியிருந்தார்கள். எடை குறையும் என்று வாங்கியதாகவும் படித்து முடித்தும் குறையவில்லை என்றும் ஒருவர். பயணத்தில் ஆசிரியை கடவுளைத் தேடுவார் என்று எதிர்பார்த்ததாகவும், அவர் கடைசிவரை செருப்பைத்தான் தேடினார் என்றும் இன்னொருவர். "என் மாமியாரைப் பற்றி இவருக்கு யார் சொன்னது?" என்று ஒரு பெண்மணி. பச்சை அட்டை சோபாவுக்குப் பொருத்தமாக இருக்கிறது, இன்னும் படிக்கவில்லை என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார் ஒரு புண்ணியவான். இந்தக் கூட்டத்துக்குள் 'நேர்மையான வாசகன்' என்ற பெயரில் ஆய்வாளர் நுழைந்தார்.

"புத்தகம் கிழியாமல் வந்து சேர்ந்தது, அதற்கு ஒரு நட்சத்திரம். நகைச்சுவை நூல் என்று அட்டையில் இருக்கிறது. கவனமாகத் தேடினேன். ஒரு பகுதியை லாரியில் கடந்துவிட்டு முழுக்க நடந்ததாகச் சொல்வது மோசடி. லாரியில் போவது நடை என்றால், லிஃப்டில் போவதைப் படியேறுவது என்று சொல்லலாம். மாமியாரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், கூடாரத்தின் அளவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நானாக இருந்தால் முதலில் ஷூவைச் சோதித்திருப்பேன், பிறகுதான் மாமியாரைக் கூட்டிப்போவதா என்று முடிவு செய்திருப்பேன்."

அன்று அவர் சாப்பாட்டில் குறையே சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

சில வாரம் கழித்து, நூலகத்தில் அந்தப் பல் மருத்துவர் பேச வருகிறார் என்று தெரிந்ததும் மனைவியும் அம்மாவும் கிளம்பினார்கள். "நானும் வரேன்" என்றார் ஆய்வாளர். லாரி விஷயத்தை நேருக்கு நேர் கேட்டுவிட அவருக்கு வாய் துறுதுறுத்தது.

மருத்துவர் குட்டையான, கலகலப்பான பெண்மணி. "என் தொழில்ல வாயைத் திறக்கச் சொல்லிட்டுப் பேசவிட மாட்டோம். இன்னிக்கு நீங்க பேசலாம்" என்று ஆரம்பித்தார். "முதல்ல, எனக்கு வந்த விமர்சனங்கள்லயே ரொம்பப் பிடிச்சதை வாசிக்கிறேன். இதை எழுதினவர் பெரிய நகைச்சுவை எழுத்தாளரா இருக்கணும். என்னால இப்படி எழுத முடியாது" என்று சொல்லிக் கைப்பேசியைப் பார்த்து வாசித்தார்.

"புத்தகம் கிழியாமல் வந்து சேர்ந்தது, அதற்கு ஒரு நட்சத்திரம்."

கூட்டம் சிரித்தது. 'கவனமாகத் தேடினேன்' வந்தபோது பின்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். ஆய்வாளர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். மனைவியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் அவர் எழுந்து நின்றார். "அதை எழுதினது நான்தான்."

கைதட்டல்! மருத்துவர் முகம் மலர்ந்தது. "நீங்கதானா சார்! நிறைய எழுதுவீங்களா?"

"இல்லை. நான் லிஃப்ட் ஆய்வாளர்."

மறுபடி சிரிப்பு.

"சிரிக்காதீங்க. நான் நிஜமாத்தான் சொல்றேன்."

சொல்லியிருக்கக் கூடாது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அந்த லாரி..." என்று அவர் விடாமல் இழுத்தார்.

"லாரி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சார் நியாயம்" என்றார் மருத்துவர். "அட்டையில போட்டது தப்பு. அடுத்த பதிப்புல 'பெரும்பாலும் நடந்து'ன்னு மாத்திடறேன்."

ஜெயித்துவிட்டார். அச்சடித்த புத்தகத்தையே திருத்த வைத்துவிட்டார். ஆனாலும் உட்கார்ந்தபோது, கூடுதல் எடைக்கு அலறும் லிஃப்டில் கடைசியாக ஏறிய ஆளைப்போல அவருக்குக் கூசியது.

திரும்பும் வழியில் அம்மா முன்னால் நடந்தார். "எழுதினது நான்னு உனக்கு எப்போ தெரியும்?" என்று மனைவியிடம் கேட்டார் ஆய்வாளர்.

"போட்ட அன்னிக்கே. லிஃப்டை வேற யாரு இதுக்குள்ள இழுப்பாங்க?" என்றாள். கொஞ்சதூரம் போனதும் சொன்னாள்: "அந்தப் பக்கத்தை நான் உங்களுக்குத்தாங்க முதல்ல வாசிச்சேன். நீங்க சிரிப்பீங்கன்னு ஆசையா இருந்துச்சு."

"தப்பு இருந்தா சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்க. சிரிச்சுட்டுச் சொல்லக் கூடாதா?"

 

விடுமுறை வந்தது. மனைவியும் அம்மாவும் அதே மலையில் ஒரு சின்னப் பாதையை நடந்து பார்ப்பதென்று முடிவு செய்தார்கள். "நீங்களும் வாங்க" என்று மனைவி உண்மையாகவே கூப்பிட்டாள். ஆய்வாளர், போகிற பருவம் சரியில்லை, பையின் வார் பலமில்லை, நானாக இருந்தால் கிழக்குப் பக்கமிருந்துதான் ஏறுவேன், ஏனென்றால் வெயில் முதுகில் படும் என்று விளக்கிக்கொண்டே போனார். மேற்குப் பக்கத்தில் உள்ள குறைகளுக்கு அவர் வந்தபோது வாசலில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

மலையிலிருந்து படங்கள் வந்தன. ஒரு பாறைமேல் இரண்டு பேரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம். "பாறை வழுக்கும். விளிம்பிலிருந்து தள்ளி நிற்கவும்" என்று பதில் போட்டார். மேகத்துக்கு நடுவே அம்மா கையை விரித்து நிற்கும் படம். "பையின் கொக்கி போடவில்லை."

பதிலுக்கு அம்மாவின் குரல்பதிவு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் சந்தோஷமாக. "டேய், என்னைப் பாருடா. பையைப் பாக்காத."

வீடு அமைதியாக இருந்தது. சரிபார்க்க ஒரு ஆளில்லை. பொழுது போகாமல் ஆய்வாளர் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தார், இந்தத் தடவை இன்னும் நிறைய மாட்டும் என்ற நம்பிக்கையோடு. ஒரு பக்கத்தில், மாமியார் உள்ளே புகுந்து தூங்கும் பையின், அதாவது ஸ்லீப்பிங் பேக்கின், ஜிப் கழுத்துவரை ஏறிச் சிக்கிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து வனக்காவலர் வருகிறார். மாமியார் பையோடு எழுந்து, ஒவ்வொரு குதியாகக் குதித்துக் கூடாரத்துக்கு வெளியே வந்து, துளியும் கம்பீரம் குறையாமல், "உக்காருங்க தம்பி, என்ன விஷயம்?" என்று கேட்கிறார்.

ஆய்வாளரின் வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார், வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர. சிரித்து முடித்ததும் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. யாராவது இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

மனைவிக்கு போன் செய்து அதை வாசித்துக் காட்டியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போனை எடுத்தது உண்மை. நேராக இணையதளத்துக்குப் போய்த் தன் விமர்சனத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: "பின்குறிப்பு: ஒரு இடத்தில் சிரிப்பு வருகிறது. ஜிப் தரமானதாக இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது." நட்சத்திரம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

பாவம் என்கிறீர்களா? என்னென்ன ஜன்மங்கள் என்று தலையை ஆட்டிக்கொள்கிறீர்களா? தாராளமாக. ஆனால் இவ்வளவு தூரம் படித்து வந்ததில், நூலகக் காட்சி கொஞ்சம் நீளம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையே? அவரைக் கடைசியில் மலைக்கு ஓடவைத்து முடித்திருக்கலாம் என்று மனசுக்குள் ஒரு முடிவு எழுதிப் பார்க்கவில்லையே? இல்லையென்றால் சரி. எழுதிப் பார்த்திருந்தாலும் குற்றமில்லை. பக்கத்து அறையில் யாராவது சிரித்துக்கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் ஒருதரம் காது கொடுத்துக் கேளுங்கள்.